முழு முகவரியோடு ஒரு சிக் லீவு

எங்கள் விமானப் பணியாளர் சங்கத்தின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்றவர்களுக்கு என்று ஒரு பக்கம் உண்டு. அதற்கு எழுதித் தரும்படி போன வாரம் ஒரு பெண் போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவள். எனக்கு முப்பத்தைந்து வயதுதான் ஆகிறது, நான் எழுதலாமா என்று கேட்டேன். “பத்து வருஷம் பறந்துட்டு இறங்கினவங்க எல்லாருமே எங்களுக்கு ரிட்டயர்டுதான் அக்கா” என்றாள். அப்படியும் எனக்குச் சமாதானமாகவில்லை. சங்க விதிகளின் நகலை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஓய்வுக்கு வயது எதுவும் போடவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

அவள் கேட்டது சிக் லீவுப் போராட்டத்தைப் பற்றி. இப்போதெல்லாம் உடம்பு சரியில்லை என்றால் யாருக்கும் போன் செய்ய வேண்டாமாம். செயலியில் ஒரு பொத்தான் இருக்கிறதாம். “அமுக்கினா போதும் அக்கா, யாரும் என்ன ஏதுன்னு கேக்கறதில்ல. நீங்கல்லாம் எப்படிப் பண்ணீங்க?” என்றாள். மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. நான் செய்தது மட்டும் எனக்குத் தெரியும். அது மற்றவர்கள் செய்தது போல இல்லை.

என் ஊர் சிவகாசி. எங்கள் குடும்பத்தில் முதலில் விமானத்துக்குள் போனது நான்தான், அதுவும் சம்பளத்துக்கு. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்ணூறு நொடியில் விமானத்தைக் காலி செய்வது, குடிக்கிற தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றுவது, தூக்கம் வந்தாலும் சிரிப்பது ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள். பணி விதிப் புத்தகத்தை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். செய்ய வேண்டியதில்லை என்று பிறகுதான் சொன்னார்கள்.

அவர்கள் சொல்லித் தராத ஒன்றை முதல் தீபாவளி லீவு முடிந்து திரும்பும்போது தெரிந்துகொண்டேன். விமான நிலையத்தில் பாதுகாப்புக்காரர்கள் சிறிய வெள்ளைத் துணியால் நம் பையையும் கையையும் துடைத்து அதை ஒரு இயந்திரத்துக்குள் வைப்பார்கள். வெடிமருந்து பட்டிருந்தால் அது கத்தும். எனக்கு அது கத்திய கத்தலில் வரிசையே இரண்டடி பின்னால் நகர்ந்தது. “நான் சிவகாசி சார்” என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் கழித்து விட்டார்கள். அன்றிலிருந்து என் யூனிஃபாரமும் டிராலிப் பையும் சென்னை அறையை விட்டு ஊருக்கு வந்ததே இல்லை. ஊருக்கு ஒரு மஞ்சள் பை, வேலைக்கு ஒரு கறுப்புப் பை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

எங்கள் மேலதிகாரி கிளெமென்ட் சார். சென்னையில் எல்லா விமானப் பணியாளர்களும் அவருக்குக் கீழேதான். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் உட்காரச் சொன்னதும் இல்லை. பறக்கப் போகிறவர்களை வரிசையாக நிற்க வைத்து நகம், கடிகாரம், ஷூ, கொண்டை என்று மேலிருந்து கீழே ஒரு முறை, கீழிருந்து மேலே ஒரு முறை பார்ப்பார். பிறகு ஒரு கேள்வி கேட்பார். பதில் தெரியாதவர் அன்று பறக்க முடியாது. சட்டைப் பையில் ஒரு சின்னக் குறிப்பேடு, சீவிய பென்சில். பாராட்டோ கண்டிப்போ, அதில் எழுதி, தாளைக் கிழித்து, நான்காக மடித்துக் கையில் கொடுப்பார். பிரித்துப் பார்க்கும்வரை எது என்று தெரியாது. வாயால் சொல்வது ஒரே சொல்தான்: “நல்லது.”

ஒரு நாள் என்னிடம், “பன்னிரண்டாவது வரிசையில் புகை. முதல்ல என்ன செய்வீங்க?” என்றார். எனக்கு முன்னால் இரண்டு பேர் தீயணைப்புக் கருவியை எடுக்க ஓடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். “கூப்பிடுவேன் சார். தனியாப் போக மாட்டேன்” என்றேன். அது புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் எனக்கு அதைச் சொன்னது புத்தகம் இல்லை, எங்கள் மதினி. அண்ணன் மனைவி முத்துலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கிளெமென்ட் சார் மடித்துக் கொடுத்த தாளில் ‘சரி’ என்று இருந்தது. அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எங்கே என்றுதான் தெரியவில்லை.

மகள் யாழினி பிறந்தாள். பேறுகால விடுப்பு முடிந்ததும் மறுபடி சென்னை. என் வீட்டுக்காரர் சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறார், அவரால் சென்னைக்கு வர முடியாது. கம்பெனி போடும் ட்யூட்டியில் போனால் டெல்லியில் ஒரு நாள், கொல்கத்தாவில் இரண்டு நாள் தங்க வேண்டும். குழந்தையை மதினியிடம் விட்டேன். அவள் கம்பெனிக்குப் போகிற நேரம் பக்கத்து வீடு. வாராவாரம் ரயிலேறி வருவேன். “அம்மா எங்கே?” என்று குழந்தை தேடும்போதெல்லாம் மதினி மேலே காட்டி, “அந்தா ப்ளேன்ல போறா பாரு” என்று சொல்லியிருக்கிறாள். ஒன்றே முக்கால் வயதில் யாழினி மதினியை அம்மா என்றாள். என்னை ப்ளேன் என்றாள். நான் வாசலில் நுழைந்தால், “ப்ளேன் வந்து! ப்ளேன் வந்து!” என்று கை தட்டுவாள். தெருவே சிரிக்கும். நானும் சிரிப்பேன். பிறகு பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் சங்கம் கோரிக்கை வைத்தது. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ள தாய்மார்களுக்குச் சொந்த ஊருக்குப் பக்கத்து விமான நிலையத்திலிருந்து, போன அன்றே திரும்புகிற ட்யூட்டி தர வேண்டும். எனக்கு என்றால் மதுரை. காலையில் போய் சாயங்காலம் வீடு. கோரிக்கைப் பட்டியலில் அது கடைசியில் இருந்தது. எனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டது. கம்பெனி எல்லாவற்றுக்கும் சேர்த்து முடியாது என்றது.

சங்கச் செயலாளர் நஸ்ரின் எங்களைக் கூப்பிட்டு, “நாளையிலேருந்து விதிப்படி வேலை. புத்தகத்துல எழுதியிருக்கறத ஒண்ணு விடாம செய்யணும். ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் தொட்டுப் பாக்கணும், ஒவ்வொரு சீட்டுக்கடியிலயும் லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு குனிஞ்சு பாக்கணும். எல்லா விமானமும் லேட்டாகணும்” என்றாள்.

நான் கை தூக்கினேன். “இதத்தானே தினமும் செய்யறோம்?”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் செய்வதில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரம் எல்லா விமானமும் தாமதமானது, என்னுடையது தவிர. நான் எட்டு வருடமாக அரை மணி நேரம் முன்னால் போய், குனிந்து, எண்ணி, தொட்டுப் பார்த்து வந்தவள். கை பழகிவிட்டது. மெதுவாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன், ஆனால் ‘மெதுவாக’ என்று புத்தகத்தில் இல்லை. வார முடிவில் கிளெமென்ட் சார் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தாளை மடிக்காமல், அறிவிப்புப் பலகையில் குத்தினார்: ‘இந்த நெருக்கடியிலும் கடமை தவறாத திருமதி செல்விக்கு நிர்வாகத்தின் பாராட்டு.’

மத்தியானத்துக்குள் யாரோ அதன் கீழே ‘கருங்காலி’ என்று எழுதிவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. நான் போராடிக்கொண்டுதான் இருந்தேன் என்று எப்படி நிரூபிப்பது? எனக்கு வழி தெரியவில்லை.

அடுத்த வாரம் நஸ்ரின் இரண்டாம் கட்டத்தை அறிவித்தாள். எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். பொய் என்று தெரிந்தால் வேலை போகும். “வயித்துப்போக்குன்னு சொல்லுங்க. அதப் பத்தி மேல யாரும் கேக்க மாட்டாங்க” என்றாள். என்னைத் தனியாகப் பார்த்து, “இதுலயாவது எங்களோட இரு செல்வி” என்றாள்.

அதற்கு முதல் நாள் நான் வார விடுப்பில் ஊரில் இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்தது கிளெமென்ட் சார்.

“சார், செல்வி பேசறேன். நாளைக்கு ட்யூட்டிக்கு வர முடியாது சார்.”

“என்ன?”

“லூஸ் மோஷன் சார்.”

“எப்ப இருந்து?”

யாரும் மேலே கேட்கமாட்டார்கள் என்று நஸ்ரின் சொல்லியிருந்தாளே. “நாளைக்குக் காலையில இருந்து சார்” என்றேன்.

அந்தப் பக்கம் குறிப்பேட்டில் ஒரு தாள் புரண்டது. பிறகு, “நல்லது” என்றார். “முகவரி?”

நோயுற்ற பணியாளர் தாம் தங்கியிருக்கும் முகவரியைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நான் தெரிவித்தேன். ஆனைக்குட்டம் போகிற ரோடு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்து, பச்சை கேட், கேட் திறக்கவில்லை என்றால் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்பது வரை சொன்னேன். பென்சில் கீறுகிற சத்தம் போனில் கேட்டது.

நஸ்ரினிடம் சொன்னபோது அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தமும் போனில் கேட்டது. “அத்தனை பேர்ல ஒருத்தி கூட முகவரி குடுக்கலடி! ஃப்ரெண்டு வீடு, சொந்தக்காரங்க வீடுன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க. நீ ஏன் குடுத்தே?”

“விதியில இருக்கே நஸ்ரின்.”

“விதிப்படி வேலை போன வாரமே முடிஞ்சு போச்சு செல்வி!”

ஆக, நேரில் போய்ச் சரிபார்க்க முடிந்த நோயாளி மொத்தக் கம்பெனிக்கும் நான் ஒருத்திதான்.

மூன்றாவது நாள். பதினொரு மணிக்கே வானம் கறுத்து இடி இடித்தது. மின்னல் வெட்டினால் பட்டாசுக் கம்பெனியில் உடனே வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மதினி வேலை செய்த உடுப்போடு, தோளில் துண்டோடு வந்து சேர்ந்தாள். கை, முழங்கை எல்லாம் பட்டாசு மருந்து பட்டு வெள்ளி நிறம். அவள் கை கழுவப் போவதற்குள் சந்து முனையில் ஒரு கார் நின்றது.

இறங்கியது கிளெமென்ட் சார். ஆள் இல்லாததால் ஆபீஸ் அதிகாரிகளே யூனிஃபாரம் போட்டுப் பறந்துகொண்டிருந்தார்கள். காலை விமானத்தில் பணிப்பெண்ணுக்குப் பதிலாக அவரே மதுரைக்கு வந்திருக்கிறார். பாதி விமானங்கள் ரத்தானதால் அது சாயங்காலம்வரை மதுரையிலேயே நின்றது. அந்த இடைவெளியில் என் வயிற்றைப் பார்க்க வந்துவிட்டார். பணியாளரின் பையைக் கண் பார்வையை விட்டு எங்கும் வைக்கக் கூடாது என்பதும் விதி. ஆகவே டிராலிப் பையைக் காரில் விடாமல் சந்துச் சேற்றில் இழுத்துக்கொண்டே வந்தார்.

நான் அப்போது முற்றத்தில் கிண்ணத்தோடு யாழினியைத் துரத்திச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவரைப் பார்த்ததும் உள்ளே ஓடிக் கட்டிலில் விழுந்து கழுத்துவரை போர்த்திக்கொண்டேன். கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றவில்லை.

டையும் பையுமாக வருகிறவர் எங்கள் ஊரில் ஒரே வகைதான், பட்டாசு வாங்க வருகிற வியாபாரி. மதினி கேட்டைத் தூக்கித் திறந்தாள்.

“வாங்க சார், வாங்க! ஆர்டருக்கா வந்தீக? எந்த ஊரு பார்ட்டி?”

“நான் செல்வியோட மேலதிகாரி. அவங்க உடல்நிலையப் பார்க்க வந்திருக்கேன்.”

“அவளா? இந்தா இப்பத்தான் ஓடி…” என்று தொடங்கிய மதினி நிறுத்தினாள். “ஓடி ஆடித் திரிஞ்ச புள்ள சார். இப்ப எந்திரிக்கவே மாட்டேங்கா.”

அவர் உள்ளே வந்து, மதினி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து சிக் லீவைச் சரிபார்க்கும் படிவத்தை எடுத்தார். யாழினி சோற்றுக் கிண்ணத்தைத் தேடிக் கட்டிலில் ஏறி, போர்வையை இழுக்க ஆரம்பித்தாள். போர்வைக்குள்ளிருந்து ரசம் சோற்று வாசனை வந்திருக்க வேண்டும். கிளெமென்ட் சார் போர்வையைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார்.

“குழந்தை யாருது?”

“இவ புள்ளதான் சார்” என்றாள் மதினி. “ஏ யாழி, இது யாருன்னு சாருக்குச் சொல்லு.”

யாழினி என்னைக் காட்டி, “ப்ளேன்” என்றாள். மதினியைக் காட்டி, “ம்மா” என்றாள். பிறகு கிளெமென்ட் சாரின் மடியில் ஏறி டையைப் பிடித்துக்கொண்டாள். அவரால் அவளை இறக்கிவிட முடியவில்லை. அதற்கு விதி இல்லை போலிருக்கிறது. டையோடு சேர்த்து அவளைப் பிடித்துக்கொண்டு, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?” என்று என்னைக் கேட்டார்.

போனில் சொல்ல முடிந்தது முகத்துக்கு நேரே வரவில்லை. கிண்ணமும் சாய்ந்து சோறு வயிற்றின்மேல் கொட்டிவிட்டது.

“சார், எனக்கு வயிறு நல்லா இருக்கு சார்.”

கிளெமென்ட் சார் பென்சிலைக் கீழே வைத்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இத நீங்க சொல்லியிருக்கக் கூடாது.”

“பொய் சொல்ல வரல சார்.”

“படிவத்துல மூணு கட்டம்தான் இருக்கு. கடுமை, மிதம், லேசு. நல்லா இருக்குன்னு கட்டம் இல்ல.”

“பென்சில்தான் இருக்கே சார். நீங்களே ஒண்ணு போட்டுக்கிருங்க” என்றாள் மதினி.

“அப்படிப் போடக் கூடாதும்மா.”

மதினி தோசை சுட்டுக் கோழிக் குழம்பு ஊற்றினாள். வேண்டாம் என்றவர் நான்கு சாப்பிட்டார். ஐந்தாவதைப் போடும்போது மதினி கேட்டாள்: “சார், எங்க கம்பெனியில இடி இடிச்சா வீட்டுக்குப் போங்கன்னு அனுப்பிருவாக. உங்க கம்பெனியில புள்ள அழுதாக் கூட அனுப்ப மாட்டீகளோ?”

அவர் ஐந்தாவதையும் சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, படிவத்தை நிரப்பாமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “ஏர்போர்ட்ல உக்காந்து யோசிச்சு எழுதறேன்” என்றார். என் வேலை, மதுரை ட்யூட்டி, என் மகள் என்னை என்னவென்று கூப்பிடப் போகிறாள் என்பது, எல்லாம் அந்தப் பையில் இருந்தது.

அவர் கிளம்பும்போது மதினி, “அய்யய்யோ, பையெல்லாம் சேறா இருக்கே” என்று தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். கம்பெனியில் நாள் முழுக்கக் கை துடைத்த துண்டு. சக்கரம், கைப்பிடி, ஜிப் என்று ஒன்று விடாமல் அழுத்தித் துடைத்தாள். யாழினி கசக்கிய டையையும் நீவிவிட்டாள்.

“மதினி, துண்டு…” என்றேன் கட்டிலிலிருந்து.

“நீ பேசாமப் படு புள்ள. சீக்காளி எந்திரிக்கக் கூடாது.”

சொல்லலாமா, சொன்னால் மிரட்டுவது போல இருக்குமா, சொல்லாவிட்டால் துரோகமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் கார் திரும்பிவிட்டது. போன் செய்தேன். யூனிஃபாரத்தில் இருக்கும்போது போன் பைக்குள்தான் இருக்க வேண்டும், அவர் எடுக்கவில்லை. ‘சார், சோதனைக்கு முன்னால் பையைக் கழுவிவிடுங்கள்’ என்று செய்தி அனுப்பினேன். அதை அவர் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

“செல்வி. மெஷின் கத்துது.”

“எதத் துடைச்சப்ப சார்? பையா?”

“பை. கை. டை. எல்லாம்.”

“பயப்படாதீங்க சார். சிவகாசி போயிட்டு வந்தேன்னு சொல்லுங்க. எழுதி வாங்கிட்டு விட்ருவாங்க. ஒன்றரை மணி நேரம் ஆகும்.”

“பணியாளரா இன்னைக்கு என்னை ஏத்த மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அரை மணி நேரத்துல விமானம் கிளம்பணும். நாலு பேர் இருந்தாத்தான் போகலாம். நான் இல்லாம மூணு பேர்தான்.” பின்னால் மெஷின் மறுபடி கத்தியது. “நீங்க வர முடியுமா? தாமதமானாலும் பரவாயில்லை. வயிறு நல்லா இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க.”

 போனால் சங்கத்தில் ஆயுசுக்கும் கருங்காலி. போகாவிட்டால் நாளைக்கே வேலை போய்விடும். பாவம், பயணிகள் வேறு. யாழினி என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். அவள் கையைப் பார்த்தேன். வெள்ளி நிறம். என் சேலையைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான் இருந்தது.

“சார்,” என்றேன். “யூனிஃபாரம் சென்னையில இருக்கு. அது போகட்டும். நான் மூணு நாளா இங்கன மதினி கூடத்தான் புழங்கறேன். என்னத் துடைச்சா அந்த மெஷின் நிக்கவே நிக்காது சார்.”

பென்சில் கீறுகிற சத்தம் கேட்டது.

“நல்லது,” என்றார். “எழுதியிருக்கறதப் படிக்கறேன். ‘பணிக்கு வர இயலாத நிலையில் உள்ளார். நேரில் சென்று உறுதி செய்யப்பட்டது.’ உண்மைதானே?”

“உண்மைதான் சார். கட்டம்?” கேட்டிருக்கக் கூடாது. ஆனால் படிவத்தை அரைகுறையாக விடுவது எனக்கு ஆகாது.

“கடுமை,” என்றார் கிளெமென்ட் சார்.

அன்று அந்த விமானம் போகவில்லை. மறுநாள் கம்பெனி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டது. மதினியின் துண்டால்தான் கூப்பிட்டது என்று நஸ்ரின் பின்னால் மேடையில் பேசினாள். எனக்கு அதில் சந்தேகம்தான். கடைசிக் கோரிக்கை வந்தபோது நடந்ததையும் அவள்தான் சொன்னாள். நிர்வாகத் தரப்பில் ஒருவர், இந்தக் குழந்தைகளை எல்லாம் யார் போய்ச் சரிபார்ப்பது என்றாராம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிளெமென்ட் சார், “ஒண்ண நான் பாத்திருக்கேன். அம்மாவ ப்ளேன்னு கூப்பிடுது. குறிப்புல எழுதிக்கோங்க” என்றாராம். எழுதிக்கொண்டார்களாம்.

மதுரை ட்யூட்டி கிடைத்தது. காலையில் போய் சாயங்காலம் பஸ்ஸில் வந்தேன்; யூனிஃபாரமும் கறுப்புப் பையும் மதுரை ஆபீஸ் அலமாரியிலேயே தங்கின. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஒரு நாள் யாழினி என்னை அம்மா என்றாள். மதினியையும் அம்மா என்றாள். இருவரும் திரும்பிப் பார்த்தோம். இன்றுவரை அப்படித்தான்.

அவளுக்கு மூன்று வயது முடிந்த அன்று விதியும் முடிந்தது. மறுபடி டெல்லி, கொல்கத்தா. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அது சரியா என்று இன்னும் அவ்வப்போது யோசிக்கிறேன். கடைசி நாள் கிளெமென்ட் சார் நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தார். பஸ்ஸில் பிரித்தேன். பாராட்டும் இல்லை, கண்டிப்பும் இல்லை. அவர் வீட்டு முகவரி இருந்தது. தெருப் பெயர், எதிரே உள்ள மருந்துக்கடை, மாடிப்படி இடதுபக்கம் என்பது வரை முழுதாக. அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். தீபாவளிக்குத் தீபாவளி அந்த முகவரிக்கு மதினி லாரி பார்சலில் பட்டாசு அனுப்புகிறாள். “அன்னைக்கே சொன்னேம்ல, ஆர்டர் பார்ட்டின்னு” என்பாள்.

போன் செய்த பெண்ணிடம், செயலியில் முகவரிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். கீழே ‘பிற’ என்று ஒரு கட்டம் மட்டும் இருக்கிறதாம், அதை யாரும் நிரப்புவதில்லையாம்.

நிரப்புங்கள் அம்மா. பச்சை கேட், அதைத் தூக்கித் தள்ள வேண்டும் என்பது வரை எழுதுங்கள்.